நான்காம் நாற்காலியில் படித்தவை

குழுவில் போன வாரம் ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "கையில எடுத்தா கீழ வைக்க முடியாத சைக்கலாஜிக்கல் திரில்லர் நாவல் இருந்தா சொல்லுங்களேன்." பலர் பட்டியல் போட்டார்கள். என்னிடமும் மூன்று இருக்கின்றன. ஆனால் அவற்றை எந்த இடத்தில், யாரோடு படித்தேன் என்று சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை. நான் தையல்காரி. எழுத்து அவ்வளவாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை மதியம், கையில் போர்வையும் பையில் ஒரு நாவலுமாக டயாலிசிஸ் வார்டுக்குள் முதல்முறையாக நுழைந்தேன். எடை பார்த்தார்கள். திங்கள், புதன், வெள்ளி வர வேண்டும், ஐந்தாம் நாற்காலி என்றார்கள். மொத்தம் ஆறு நாற்காலிகள், ஆறு மெஷின்கள், திறக்கவே முடியாத ஒரு ஜன்னல். மெஷின் கழுவும் மருந்தின் புளித்த வாடை, யாரோ வினிகர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டதுபோல. இடது கையில் இரண்டு ஊசி ஏறியதும் அந்தக் கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. வலது கையால் புத்தகத்தைப் பிடித்து, கட்டை விரலால் பக்கம் தள்ளிப் படித்தேன்.

பக்கத்தில், நான்காம் நாற்காலியில், தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். என் புத்தகத்தின் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"டாக்டர்தான் கொலை பண்ணினது," என்றார்.

பாதி ரத்தம் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தாலும் எனக்குக் கொதித்தது.

"ஏங்கய்யா, பெரியவர் பண்ற வேலையா இது? நான் இருபதாம் பக்கத்துலதான் இருக்கேன்!"

"நான் என்னம்மா பண்றது? காதுல விழுது. சொல்றேன்."

எந்த நாவலைக் கொண்டுபோனாலும் இதே கதைதான். அவருக்குக் 'கடைசிப் பக்கம்' என்று பெயரே வைத்துவிட்டோம். திருட்டுத்தனமாக முடிவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்து, ஒருமுறை புத்தம்புது நாவலின் கடைசிப் பதினைந்து பக்கங்களைச் சேர்த்து ஊசி நூலால் தைத்துவிட்டேன். பிரித்துத் தைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்படி ஒரு முடிச்சும் போட்டேன். அவர் கையில் கொடுத்தேன். அட்டையைக்கூடத் திறக்கவில்லை.

"அந்தப் பொண்ணு சாகல. இவதான் அந்தப் பொண்ணு," என்றார்.

வீட்டுக்குப் போய் முடிச்சைப் பார்த்தேன். என் முடிச்சுதான். பிரித்துப் படித்தேன். அவர் சொன்னதுதான்.

எட்டாவது மாதத்தில் ஒரு நாள் அவர் யாருக்கும் எந்த முடிவும் சொல்லவில்லை. மெஷின் ஓட ஆரம்பித்ததிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"இன்னைக்கு என்னோட முடிவச் சொல்லிருச்சும்மா. சனிக்கிழமை."

"சும்மா இருங்கய்யா. புதன்கிழமை வாங்க, பேசிக்கலாம்."

"சனிக்கிழமைதான்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு ரெண்டு ஊசி?"

புதன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் நான்காம் நாற்காலிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். முப்பத்து நாலு வயது. வாயாடி. சிஸ்டர் ஊசியோடு வந்தாலே, "சிஸ்டர், பார்த்து, இந்த ஒரு கைதான், ஸ்டெப்னி கிடையாது," என்பார். அவருக்கும் நாவல் பழக்கத்தை நான்தான் ஏற்றிவிட்டேன். என்னை அக்கா என்பார். ஆறு வயதில் ஒரு மகள்.

மூன்றாம் நாள் அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அக்கா, இதுல புருஷன்தான் பைத்தியம், பொண்டாட்டி இல்ல. சரியா?"

அவர் அப்போது முதல் அத்தியாயத்தில் இருந்தார்.

என் முதுகில் வேர்த்தது. வார்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர் பேசவே இல்லை. ஊசியைப் பிடுங்கும்போது மட்டும் சொன்னார்: "அக்கா, நாள் சொல்லுது. வர்ற வெள்ளி."

புதன்கிழமை நான்காம் நாற்காலி காலியாக இருந்தது. வலது கையால் போனை எடுத்தேன்.

"தம்பி, எங்க இருக்க?"

"வீட்லதான் அக்கா. பொண்ணுகூட இருக்கேன். நாலு மணி நேரத்த எதுக்கு அங்க வீணாக்கணும்?"

"வெள்ளிக்கிழமை நீ செத்தா, அது சொன்னதால சாவியா, இன்னைக்கு வராததால சாவியா?"

அவர் வாயைத் திறக்குமுன் நானே தொடர்ந்தேன். 

"அந்தப் பெரியவரும் இப்படித்தான் வீட்ல உக்காந்துக்கிட்டாரு. மரியாதையா நாளைக்கே வந்து எக்ஸ்ட்ராவா ஒரு தடவை போட்டுக்கோ. வெள்ளிக்கும் வா. நாலாம் நம்பர்ல நான் உக்காந்துக்கறேன்."

"அக்கா, அது உங்ககிட்ட பேசுமே."

"பேசட்டும். கடைக்கு வர்றவங்க பேசாத பேச்சா?"

வாய்தான் அப்படிச் சொன்னது. வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் உட்காரும்முன் போர்வையை இரண்டு முறை உதறி விரித்தேன். தம்பி வியாழனும் வந்திருந்தார், அன்றும் வந்தார். என் பழைய ஐந்தாம் நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் நாவலைத் திறந்தேன்.

வினிகர் வாடை நெருங்கி வந்தது. என் இடது காதுக்குப் பக்கத்தில்.

மூச்சுக்காற்று இல்லை. குரல் மட்டும்.

"அண்ணன். அண்ணன்தான் கடிதம் எழுதினான்."

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். ஊசி போட்ட கை ஜில்லிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து ஓடலாம் என்று தோன்றியது. ரத்தக் குழாயோடு எங்கே ஓடுவது?

"சரி, அண்ணன்தான்," என்றேன், உதட்டை அசைக்காமல். "எப்படி எழுதினான்? எதுக்கு?"

பதில் வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அதற்கு முடிவு மட்டும்தான் தெரியும். ஒருவன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று அதற்குத் தெரியாது.

நான் தொடர்ந்து படித்தேன். முடிவு தெரிந்தும் அந்த நாவல் என்னை விடவில்லை. அதுதான் என் முதல் சிபாரிசு: இறந்துபோன தங்கையிடமிருந்து தொடர்ந்து கடிதம் வரும் கதை. இரண்டாவது, மனைவி தினமும் ஒரே பொய்யைச் சொல்ல, கணவன் மெல்ல மெல்ல அதை நம்பத் தொடங்கும் கதை. மூன்றாவதுக்குப் பிறகு வருகிறேன். தலைப்புகளைக் கீழே கமெண்டில் போடுகிறேன். முடிவைக் கேட்டதும் சப்பென்று போன நாவல்களையெல்லாம் கழித்துவிட்டேன்.

தம்பிக்கு அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை காலை போன் செய்து, "அக்கா, கட்டின மூட்டையெல்லாம் அவுத்துட்டேன், நான் இருக்கேன்," என்று சிரித்தார். பிறகு அழுதார்.

அது என்னிடம் நாள் சொன்னது போன மாதம். புதன்கிழமை என்றது.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. புத்தகக் கடையில் இருந்தவற்றிலேயே தடிமனான நாவலை எடுத்துக்கொண்டு போனேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதுதான் மூன்றாவது: ஒரே வீட்டில் வாழும் இரண்டு சகோதரிகளில் ஒருத்தியை மட்டும் அண்டை வீட்டார் யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்த ஐந்தாம் நிமிடமே முடிவைக் காதில் சொல்லிவிட்டது. "நன்றி," என்றேன்.

நான்கு மணிக்குக் காலில் தசை இழுத்தது. கண் இருட்டியது. மெஷின் கத்தியது. "பிரஷர் எழுபதுக்கு நாப்பது!" என்று சிஸ்டர் ஓடி வந்து நாற்காலியின் தலைப்பக்கத்தைச் சாய்த்தார்.

"போதும்," என்றது குரல். கிட்டத்தட்ட அன்பாக.

"இன்னும் அத்தியாயம் இருக்கு."

"போதும்."

"நான் ஒம்பதாவதுலதான்டா இருக்கேன்!"

சத்தமாகவே கத்திவிட்டேன். சிஸ்டர் திடுக்கிட்டார். ஐந்தாம் நாற்காலியிலிருந்து தம்பி, "அக்கா, படிங்க! சத்தமா படிங்க!" என்றார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தேன். சலைன் ஏறியது. எழுத்து தெளிந்தது. ஐந்து மணிக்கு ஊசியை எடுத்தார்கள்.

இரவு சாப்பிட்டேன். தூங்கினேன். வியாழக்கிழமை விடிந்தது.

அவசரத்தில் புத்தகத்தை நாற்காலியிலேயே விட்டு வந்திருந்தேன். நூற்று எண்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். வெள்ளிக்கிழமை போனபோது அது அங்கேயே இருந்தது. நேற்று அந்த நாற்காலிக்கு ஆளில்லை, இரவில் வாசல் பூட்டித்தான் இருந்தது, யாரும் தொடவில்லை என்றார் சிஸ்டர்.

முதல் பக்கத்தின் மூலையில் ஒரு விரல் தடம். ஈரம் காய்ந்து தாள் சுருங்கியிருந்தது. வினிகர் வாடை. அடுத்த தாளிலும். அதற்கடுத்ததிலும். தடம் முந்நூற்று எழுபத்தோராம் பக்கத்தோடு நின்றிருந்தது.

முதலிலிருந்து படித்திருக்கிறது. என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.

"ஊசியப் போடுங்க சிஸ்டர்," என்றேன்.

அன்று காதில் ஒரு குரலும் இல்லை. வெறிபிடித்ததுபோல் படித்து, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எட்டிப் பிடித்தேன். முந்நூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்தின் மூலையில் விரலை வைத்தேன்.

ஈரமாக இருந்தது.