முப்பத்து நாலாவது 'எஸ் சார்!'

பிரிட்டோவின் செல்போன் அலறியது.

எடுக்க பிரிட்டோ இல்லை.

வாடகைக்கு எடுத்த மோட்டார் லாஞ்சின் மேல்தளத்தில் ஸ்பீக்கர் பெட்டி அதிர்ந்து கொண்டிருந்தது. ஆட்டம்... பாட்டம்... பீர் பாட்டில்கள் உரசும் சத்தம்! அலிப்பூரில் இருக்கும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் தமிழ் ஊழியர்கள், குடும்பம் குட்டியோடு மொத்தம் முப்பத்து நாலு பேர், காலை ஏழு மணிக்குப் பாபுகாட் படித்துறையில் ஏறியிருந்தார்கள். நாள் முழுக்க ஹூக்ளி நதியில் கும்மாளம் போட்டுவிட்டு மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் இறங்க வேண்டும். நடுவில் உலுபேரியா பக்கம் ஒரு மணல் திட்டில் நிறுத்தி, ஒரு மணி நேரம் நீச்சலும் அடித்தாகிவிட்டது.

போன் மறுபடி அலறியது.

"யாரோட போனுங்க அது? எடுத்துத் தொலையுங்களேன்!" என்றாள் வசந்தி.

அவள் கணவர் சண்முகம், சூப்பரின்டென்டென்ட், ஐம்பத்திரண்டு வயது, மட்டன் எலும்பைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"பிரிட்டோவோடது. தலைவலின்னு கீழே கேபின்ல படுத்திருக்கான். குடுத்துட்டு வந்துடறேன்."

நாற்காலியில் தொங்கிய பிரிட்டோவின் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார். அதற்குள் அது அடங்கிவிட்டது. திரையில் 'மஹிமா' என்று இருந்தது. பிரிட்டோவின் மனைவி. ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

சண்முகம் படியிறங்கினார்.

கேபினில் இரண்டு நீள பெஞ்சுகள். ஒன்றில் குழந்தைகளின் ஈரத்துணி. இன்னொன்றில்...

ஒன்றுமில்லை!

பாத்ரூம் கதவைத் தட்டினார். அது தானாகவே திறந்து கொண்டது. காலி. சமையல் மூலையை எட்டிப் பார்த்தார். காலி. சுக்கான் பிடித்துக் கொண்டிருந்த கிழவர் முகமது இஸ்மாயிலிடம் ஓடி, தெரிந்த இந்தியில் கேட்டார்.

"சாச்சா... பிரிட்டோ பாபு இங்க வந்தாரா?"

"வரலையே பாபு. மணல் திட்டுல இறங்கினதைப் பார்த்தேன். ஏறினதை நான் பார்க்கலை."

சண்முகம் மறுபடி கேபினுக்குள் எட்டிப் பார்த்தார்.

பிரிட்டோ லாஞ்சில் இருப்பதாக அரைமணி நேரத்துக்கு முன்னால் சொன்னது வேறு யாருமில்லை. அவரேதான்!

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. விரல் வைக்கிற வருகைப்பதிவு மெஷின் பாதி நாள் படுத்துவிடும். அன்றைக்கெல்லாம் டெபுடி டைரக்டர் ஜெய்ராம் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். தலையை நிமிர்த்த மாட்டார். குரல் வந்தால் டிக். சாந்த்ராகாச்சி வீட்டிலிருந்து பிரிட்டோ வந்து சேருவதற்குள் பத்தரை ஆகிவிடும். அதனால் பதினோரு வருஷமாக பிரிட்டோவுக்கும் சேர்த்து 'எஸ் சார்' சொல்லி வந்தவர் சண்முகம். முதல் தடவை பாவம் பார்த்துச் சொன்னார். அப்புறம் வாய் பழகிவிட்டது.

இன்றைக்கும் அதேதான். பன்னிரண்டு இருபதுக்கு, மணல் திட்டிலிருந்து கிளம்பும்போது, ஈரத் துண்டோடு ஜெய்ராம் பட்டியலை விரித்தார்.

"சார், தலையை எண்ணிட்டாப் போதாதா?" என்று யாரோ கேட்டதற்கு முறைத்தார்.

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? பேர் கூப்பிடறேன், சொல்லுங்க."

திட்டில் இறங்கியதுமே பிரிட்டோ வந்து சண்முகத்தின் காதைக் கடித்திருந்தான். "அண்ணாச்சி, தலை விண்ணு விண்ணுங்கு. நான் கீழ போய்ப் படுத்துக்கிடுதேன். சார் கூப்பிட்டா நீங்களே சொல்லிருங்க."

"பிரிட்டோ!"

"எஸ் சார்!"

முப்பத்து நாலாவது டிக் விழுந்தது. லாஞ்ச் கிளம்பிவிட்டது.

இப்போது சண்முகம் இஸ்மாயிலின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சாச்சா, லாஞ்சைத் திருப்புங்க! உடனே!"

"இப்ப முடியாது பாபு." இஸ்மாயில் கடல் பக்கம் கை காட்டினார். "பான் வருது. அதுக்காகத்தானே அவசர அவசரமாக் கிளப்பினேன்! இப்ப நடு ஆத்துல நேரா நிக்கணும். குறுக்கே திரும்பினா எல்லாரும் காலி."

பான்! கடல் ஏற்றத்தின்போது ஆற்றை எதிர்த்துக்கொண்டு ஏறி வருகிற ஒற்றைப் பேரலை. ஹூக்ளிக் கரையில் இருப்பவர்களுக்குப் புதிதில்லை.

"அது மணல் திட்டுக்கு எப்ப போகும்?"

"நம்மைத் தாண்டினா பத்து நிமிஷம். திட்டு அப்படியே முங்கிடும்."

சண்முகம் மேலே ஓடினார். வசந்தியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய் விஷயத்தைக் கொட்டினார். அவள் முகம் வெளுத்தது. ஆனால் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"வாயை மூடுங்க."

"வசந்தி... அங்க ஒரு உயிர்..."

"பிரிட்டோ நல்லா நீந்துவான். தூத்துக்குடிக்காரன். இந்நேரம் கரையேறியிருப்பான். நீங்க ஏன் அவசரப்பட்டுச் சொல்லி மாட்டிக்கறீங்க? அடுத்த மாசம் பிரமோஷன் ஆர்டர். பதினோரு வருஷப் பொய் வெளியே வந்தா வேலையே இருக்காது!"

"ஒருவேளை கரையேறலைன்னா?"

"ஏறலைன்னா... நீங்கதான் குரல் குடுத்தீங்கன்னு யாருக்குத் தெரியும்? போட் கிளம்பினப்புறம் குடிச்சிட்டுத் தவறி விழுந்துட்டான்னு நினைச்சுப்பாங்க."

 அவள் சொன்னது தப்பு என்று சண்முகத்துக்குத் தெரிந்தது. அந்தத் தப்புக்குள் ஒளிந்துகொள்ள அவருக்கு ஆசையாகவும் இருந்தது. தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"பான்! பான் வருது!" யாரோ கத்தினார்கள்.

பாட்டு நின்றது. எல்லோரும் முன்பக்கம் ஓடி செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆற்றின் அகலம் முழுக்க வெள்ளை நுரையோடு ஒரு சுவர் வந்தது. லாஞ்ச் மூக்கைத் தூக்கி, இறங்கி, மறுபடி தூக்கியது.

"ஹோ...!" என்று ஒரே கூச்சல். கைதட்டல். விசில்.

அலை அவர்களைத் தாண்டி மேல் நோக்கிப் போனது. மணல் திட்டை நோக்கி!

பத்து நிமிடம்.

சண்முகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போலீசுக்கு ஒரு போன் போடலாம். கரையில் இருக்கும் மீன்படகுகளுக்காவது சொல்லச் சொல்லலாம். இரண்டு நிமிடம் போனது. நாலு நிமிடம் போனது. ஸ்பீக்கரில் மறுபடி பாட்டு ஆரம்பித்தது. ஏழு... எட்டு...

பத்து!

அவர் ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றார். 'கொன்னுட்டேன்' என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது.

மஹிமா!

எடுத்து, "சண்முகம் பேசறேம்மா" என்றார்.

"அலோ... அண்ணாச்சியா? அவுக எங்க?"

"அது... வந்தும்மா... தூங்கறான். எழுப்பட்டுமா?" வாய் தானாகப் பொய் சொன்னது.

"வேண்டாம், வேண்டாம். தூங்கட்டும். நைட் டியூட்டி முடிஞ்சும் என்னைய விடல அண்ணாச்சி. மாத்த வர வேண்டிய பொண்ணு வரல. இப்பதான் வீட்டுக்கு வந்தேன். போனை சைலன்ட்ல போட்டுட்டுப் படுக்கப் போறேன். எந்திரிச்சதும் அவுகளைச் சாப்பிடச் சொல்லுங்க."

"சரிம்மா..."

"தண்ணியில ரொம்ப நேரம் கிடக்க விடாதீங்க. நீங்க கூட இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியாத் தூங்கப் போறேன், அண்ணாச்சி."

லைன் துண்டிக்கப்பட்டது.

அவ்வளவுதான். சண்முகத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எங்க போறீங்க? நில்லுங்க!" வசந்தி சட்டையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனார். பாடிக்கொண்டிருந்த ஆளிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க! பிரிட்டோ போட்ல இல்லை! ரோல் கால்ல அவனுக்குப் பதிலா 'எஸ் சார்' சொன்னது... நான்தான்!"

யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெய்ராம் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தார்.

"என்னய்யா உளர்றே?"

"நிஜம் சார். இன்னிக்கு மட்டுமில்லை. பதினோரு வருஷமா சொல்றேன். அவனை மணல் திட்டுல விட்டுட்டு வந்துட்டோம். தெரிஞ்சும் கால் மணி நேரம் வாயைத் திறக்காம நின்னேன் சார். நான் மனுஷனே இல்லை!"

 ஜெய்ராம் போனை எடுத்து நூறை அழுத்தினார். மணி ஒன்று பத்து.

லாஞ்ச் திரும்பியது. மணல் திட்டு இருந்த இடத்தில் கலங்கிய தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாலை நாலு மணி. உலுபேரியா பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்.

மரப் பெஞ்சில் சண்முகம் உட்கார்ந்திருந்தார். வசந்தியைக்கூட உள்ளே விடவில்லை. அவர் எழுதிக் கொடுத்த நாலு பக்க வாக்குமூலம் மேஜைமேல் கிடந்தது. மஹிமாவிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? எப்படித் தாங்கியிருப்பாள்? 

பூட்ஸ் சத்தம் கேட்டது. அதிகாரி உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும். சட்டையில் 'சத்யப்ரியா' என்று இருந்தது. ஈரோட்டுப் பெண். ஐ.பி.எஸ். தேறி வங்காளத்துக்கு வந்து ஐந்து வருஷமாகிறது.

"உக்காருங்க சார். பிரிட்டோ சாவுக்கு நீங்கதான் காரணம்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா மேடம். என்னை உள்ளே வைங்க. எந்த தண்டனையா இருந்தாலும் ஏத்துக்கறேன்."

சத்யப்ரியா நாலு பக்கத்தையும் புரட்டினாள்.

"இதுல ஒரு சிக்கல் இருக்குங்க."

"என்ன மேடம்?"

"செத்துப்போனவர் பக்கத்து ரூம்ல உக்காந்து டீ கேக்கறார்."

சண்முகம் பக்கத்து ரூம் கதவைப் பார்த்தார்.

"பி... பிரிட்டோவா? உயிரோடவா? கடவுளே! எப்படி மேடம்?"

"அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீங்க. முழுசாக் கேளுங்க." அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க எல்லாரும் நீந்திட்டிருந்தப்பவே அவர் திட்டுக்கு மறுபக்கமா நீந்திக் கரைக்குப் போயாச்சு. தலைவலியெல்லாம் சும்மா. கரையில ஒரு புதர்ல மாத்துத் துணி, செருப்பு, எல்லாம் முன்னாடியே வெச்சிருந்தார். போன் மட்டும் போட்ல. டவர் பாத்தாலும் அவர் ஆத்துல இருக்கற மாதிரி காட்டணுமில்ல? உலுபேரியால லோக்கல் ட்ரெயின் ஏறி, சாந்த்ராகாச்சில இறங்கி, பின்கதவுச் சாவி போட்டு வீட்டுக்குள்ள போயிருக்கார்."

"வீட்டுக்கா... எதுக்கு?"

"பொண்டாட்டியைக் கொல்ல."

சண்முகம் எழுந்தே விட்டார்.

"விசாகப்பட்டினத்துல இன்னொரு பொண்ணு காத்திட்டிருக்கா. மஹிமா விவாகரத்துக்குச் சம்மதிக்கலை. நைட் டியூட்டி முடிஞ்சு மதியத்துல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாங்கன்னு தெரியும். இன்னிக்கு அவங்க வீடு வரவே லேட்டானதால, தூங்கற வரைக்கும் உள்ளேயே ஒளிஞ்சிருந்திருக்கார். வேலையை முடிச்சிட்டு பஸ் ஏறினா, அஞ்சரைக்குப் பாபுகாட். ஆறு மணிக்கு நீங்க இறங்கற கூட்டத்துல கலந்துட்டா முடிஞ்சது. முப்பத்து மூணு பேர் சாட்சி. அதுல மூத்த சாட்சி நீங்க. உங்க வாய்ப்பழக்கத்தை நம்பித்தான் மனுஷன் திட்டமே போட்டிருக்கார்!"

"மேடம்... மஹிமா?" 

"உயிரோட இருக்காங்க."

சண்முகம் பெஞ்சில் சரிந்தார்.

"நீங்க மைக்கைப் பிடுங்கினதாலதான்! புருஷன் ஆத்துல போயிட்டார்னு தகவல் சொல்லணும். போன் பண்ணினோம், எடுக்கலை. அதனால ஒரு கான்ஸ்டபிளை வீட்டுக்கே அனுப்பினோம். அவர் போய் பெல் அடிச்சிருக்கார். கதவு திறக்கலை. விஷயத்தைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் கூடி, கதவைத் தட்டித் தட்டி ஒரே ஒப்பாரி! அந்தச் சத்தத்துல மஹிமா கண்ணைத் திறந்தா... தலைமாட்டுல, கையில தலையணையோட, செத்துப்போன புருஷன்!"

"ஐயோ!"

"அந்தம்மா போட்ட கூச்சல்ல இவர் பின்பக்கமா ஓடினார். அங்க, துக்கம் விசாரிக்க வந்த பத்துப் பேர் நின்னிட்டிருந்தாங்க. அமுக்கிட்டாங்க. நீங்க இன்னும் ஒரு அரைமணி யோசிச்சிருந்தா அந்தப் பொண்ணு போயிருக்கும்."

சண்முகம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நெடுநேரம் அழுதார்.

"கால் மணி நேரம் யோசிச்சேன் மேடம். பிரமோஷனுக்காக யோசிச்சேன்."

"தெரியும். நாலாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "அதை மறக்காதீங்க. மறக்கவும் கூடாது. ஆனா அந்தம்மா ஸ்டேட்மென்ட்ல என்ன சொன்னாங்க தெரியுமா? 'அண்ணாச்சி சொன்னதாலதான் நான் பிழைச்சேன்'னு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் போகலாமா மேடம்?"

"போங்க. வெளியே உங்க மனைவி ரொம்ப நேரமா நிக்கறாங்க. உங்க டெபுடி டைரக்டர் மெமோவோட நிக்கறார். அதை நீங்களே பாத்துக்கணும்."

"சரி மேடம்."

வாசல் வரை போனவரை சத்யப்ரியா கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம் சார்! பழக்கதோஷத்துல நாளைக்கு ஆபீஸ்ல பிரிட்டோவுக்கு லீவ் லெட்டர் ஏதும் எழுதிடாதீங்க. இந்தத் தடவை அதை நாங்களே அனுப்பறோம்... எத்தனை வருஷத்துக்குன்னு ஜட்ஜைக் கேட்டுட்டு!"