மாப்பிள்ளையின் இடப்பக்கம்

மார்கழி தன் கடைசி நாட்களை மலைகளின்மேல் மெல்ல மடித்து வைத்துக்கொண்டிருந்தது. மாத்தளையைச் சூழ்ந்த குன்றுகள், பனி விலகும்வரை மௌனவிரதம் காப்பவைபோல் நின்றன. மிளகுக்கொடிகளிலிருந்து நீர் சொட்டியது. கோயிற் சங்கொலி ஈரக்காற்றில் நனைந்து, வீடுகளின் கூரைமட்டத்துக்கு மேல் எழமாட்டாமல் தெருவோடு தவழ்ந்தது. மணவினைக்கு விலக்கான மாதம் அது. முப்பது விடியல்களையும் தெய்வத்துக்கு ஒப்படைத்துவிட்டு, மாந்தர் தம் மங்கலங்களை அடக்கிக்கொண்டு தை பிறக்கக் காத்திருப்பர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டில் நானும் அவ்வாறே காத்திருந்தேன். தை எட்டாம் நாள் என் தங்கை புஷ்பவதிக்குத் திருமணம். தாய் தந்தையர் இல்லாத எங்களுக்கு ஒருவர்க்கு ஒருவரே உறவு. பாடசாலையில் தமிழ் கற்பித்தும், அந்தியில் கோயிலில் பதிகம் பாடியும் அவளை வளர்த்தேன். கமரா பிடிக்கப் பழகி மூன்று மாதம் ஆகாத என்னிடம், கல்யாணப் படங்களை நானே எடுக்கவேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். வேறு யார் எடுத்தாலும் முறைத்துக்கொண்டுதான் நிற்பாளாம்.

ஆகவே சண்முகராஜாவின் ஸ்டூடியோவுக்குச் சென்றேன். இருபதாண்டு நண்பன். மார்கழி விடியல்தோறும் என் குரலுக்குத் தாளம் போட்டவன். மாப்பிள்ளை முத்துவீரனைக் கொண்டுவந்தவனும் அவனே. ரத்தோட்டையில் லொறிக் கம்பனியில் கிளார்க்காக இருந்த முத்துவீரன் அவனுடைய தாய்மாமன் மகன். அவர் இதற்குமுன் மணமாகாதவர், குற்றமற்றவர் என்று சன்னிதியில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். அதற்கு மேல் நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

அவன் மேசைமேல் சாமான்களைப் பரப்பி ஒவ்வொன்றாக விளக்கினான். நான் முதன்முதலாக எடுக்கும் கல்யாணத்துக்குப் பல லென்சுகள் வேண்டாம், ஐம்பது மில்லிமீற்றர் ஒன்று போதும் என்றான். மண்டபம் இருட்டு என்பதால் ஃபிளாஷ் தந்தான். அதற்கு இரண்டு சோடி பற்றரி வைத்துக்கொள்ளச் சொன்னான். கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்கண் கமராவை என் கையில் திணித்தான். எனக்கோ இரட்டைக்கண் கமராவின்மேல் ஆசை. நெஞ்சளவில் தாங்கி, தலைகுனிந்து, மேலுள்ள கண்ணாடித் தட்டில் உருவத்தைப் பார்க்கும் அந்த நிலை, தொழுகின்ற நிலைபோல் எனக்குத் தோன்றும். அவனிடம் முன்பு ஒன்று இருந்ததே என்று கேட்டேன்.

லென்சைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"அது வேணாம் மாணிக்கம். இடம் வலமாத் தெரியும், கை தடுமாறிப்போகும். அத நான் வித்துட்டேன்."

பிறகு சிரித்து, ஃபிலிமைக் கழுவும் வேலையையும் தன்னிடமே விடும்படி சொன்னான். அன்பு என்று எண்ணினேன்.

எனினும் ஒரே கமராவை நம்பிப் போக மனம் துணியவில்லை. கடைத்தெருவில் கடிகாரம் திருத்தும் ரவூப்பிடம், வாடகைக்கு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவர் கண்ணில் பொருத்திய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"நல்ல வேல செஞ்சீங்க மாஸ்டர். மாப்புள ஓடிப்போனாலும் வேற ஆளத் தேடலாம். தாலி கட்டினத மறுகா ஒருக்கா கட்டச் சொல்ல ஏலுமா?"

அலுமாரியிலிருந்து அவர் எடுத்துத் தந்தது ஓர் இரட்டைக்கண் கமரா. சண்முகராஜாவினுடையதுதான். நான்கு மாதங்களுக்குமுன் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, சுவர்க் கடிகாரம் ஒன்றை மாற்றாக வாங்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனானாம். நண்பன் மனம் நோவான் என்று இதை அவனிடம் சொல்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தை எட்டு. கோயில் மண்டபத்தில் காலை முகூர்த்தம். நாதசுரம் முழங்க, மணப்பெண் மேடை ஏறியதுமுதல் நான் ஒற்றைக்கண் கமராவால் ஓயாது எடுத்தேன். முப்பத்தாறு படங்கள் கொள்ளும் சுருள். கமராவின் மேலிருந்த எண் முப்பத்தாறைத் தாண்டியது; முப்பத்தெட்டைத் தாண்டியது; சுருளை நகர்த்தும் நெம்புகோல் தடையின்றிச் சுழன்றுகொண்டே இருந்தது. அப்போதுதான் விளங்கிற்று. ஃபிலிமின் நுனியை உருளையில் சரியாக மாட்டாமல் மூடியிருக்கிறேன். உள்ளே சுருள் நகரவே இல்லை.

ஒரு படமும் விழவில்லை.

தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசி பெற்றுக்கொண்டிருந்தது. இன்னும் சில நிமிடங்களே. பையைத் திறந்து இரட்டைக்கண் கமராவை எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் இருந்த சண்முகராஜா அதைக் கண்டதும் எழுந்து நின்றான். நான் தலைகுனிந்து கண்ணாடித் தட்டைப் பார்த்தேன்.

மங்கலான ஒளிச்சதுரத்தில் மணவறை மிதந்தது. மாப்பிள்ளை நடுவில் இருந்தார். பக்கத்தில் ஒரு பெண் தெரிந்தாள். தங்கைதான் என்று எண்ணிக் குவியத்தைத் திருகினேன். உருவம் தெளிந்தது.

தங்கை மறுபக்கம் இருந்தாள்.

தாலி ஏறும்வரை மணமகள் மணமகனின் வலப்பக்கம் அமர்வது எங்கள் வழக்கம். ஏறிய பின்னரே இடப்பக்கம் மாறி மனைவியாவாள். கண்ணாடி இடம்வலம் மாற்றிக் காட்டும் என்பதை நினைந்து மீண்டும் எண்ணிப் பார்த்தேன். புஷ்பவதி தன் இடத்தில், வலப்பக்கத்தில்தான் இருந்தாள்.

மனைவியின் இடத்தில் வேறொருத்தி இருந்தாள்.

சேலை உடலோடு ஒட்டி நனைந்திருந்தது. கூந்தல் முனைகளிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பாஸ்போட் படத்துக்கு அமர்பவள்போல் கைகளை மடியில் சேர்த்து, முகத்தை நேரே வைத்து, லென்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை நிமிர்த்தினேன். மணைப்பலகையின் இடப்பாதி வெறுமையாய்க் கிடந்தது. அதன்மேல் சில அட்சதைகள்.

குனிந்தேன். இருந்தாள்.

சாம்பிராணி மணத்தை அறுத்துக்கொண்டு ஒரு வாடை வந்தது. உப்பும் பாசியும் கலந்த வாடை. கப்பலேறும் உறவினரை வழியனுப்பத் தலைமன்னார் போனபோது துறைமுகத்தில் நுகர்ந்தது. மாத்தளைக்கும் கடலுக்கும் இடையே எத்தனை மலைகள்!

ஐயர் தாலியை மாப்பிள்ளையிடம் நீட்டினார். கண்ணாடிக்குள் அவள் மெதுவாகத் திரும்பினாள். ஈரக்கை நீண்டு, அவர் கையின்மேல் படிந்தது.

என் முழங்கையை யாரோ பற்றினார்கள். சண்முகராஜா.

"உள்ள பாக்காத மாணிக்கம். கண்ண மூடிக்கிட்டு அமுத்து."

அவன் முகத்தில் அச்சம் இருந்தது, வியப்பு இல்லை. இருபதாண்டு நட்பு அந்த ஒரு கணத்தில் என் காலடியில் விழுந்தது.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

"புதுசா ஒருத்தி வந்தா அவ எந்திரிச்சுப் போயிருவான்னு நெனச்சேன்," என்று முணுமுணுத்தான்.

கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. தாலிக் கயிறு என் தங்கையின் கழுத்தை நோக்கி உயர்ந்தது. நான் மேடை ஏறி, படத்துக்கு நிலை சரிசெய்பவன்போல் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தேன்.

"ஒங்க இடப்பக்கம் ஈரச்சேலையோட ஒக்காந்திருக்கறது யாரு?"

முத்துவீரன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் உதடுகள் மட்டும் அசைந்தன.

"இங்கயும் வந்துட்டாளா?"

தாலி நழுவி அவர் மடியில் விழுந்தது. நான் தங்கையின் கையைப் பற்றி எழுப்பினேன். மேளம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கூச்சலுக்கும் வசைக்கும் நடுவே அவள் என்னோடு நடந்து வந்தாள். வாசல் தாண்டிய பிறகே வாய் திறந்தாள்.

"அண்ணே, அவரு கையி ஏன் அப்புடித் தண்ணியா இருந்துச்சு?"

அன்று பிற்பகல் சண்முகராஜா என் வீட்டு வாசலில் நின்று யாவற்றையும் சொன்னான். ரிவர்ஸ்டன் மலையடிவாரத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்த அழகாயிதான் முத்துவீரனின் மனைவி. குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போவதற்கான பாஸ்போட்டுக்கு இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தவன் இவன். எடுத்தது அந்த இரட்டைக்கண் கமராவால். தலைமன்னாரில் அவளைக் கப்பலேற்றிவிட்டு, பெட்டியை எடுத்து வருகிறேன் என்று இறங்கிய முத்துவீரன் திரும்பவே இல்லை. இங்கே வேலையும் வேறு வாழ்வும் அவருக்கு வேண்டியிருந்தன. கப்பல் கரையைவிட்டு விலகும்போது அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றி நின்றதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இராமேசுவரத்தில் இறங்கியதை ஒருவரும் காணவில்லை.

சில மாதங்களின் பின் முத்துவீரனைத் தனியே படம் எடுக்க அதே கமராவைத் திருப்பியபோது, கண்ணாடியில் இருவர் தெரிந்தனராம்.

அவன் அழுதான். அவளை அவர் கரையில் நின்று கைவிட்டார். என் தங்கையை இவன் தெய்வத்தின் முன்னிலையில் விற்றான். இரண்டில் எது பெரிய துரோகம் என்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தினேன். அதன்பின் அவனோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. கமராவை ரவூப்பிடம் ஒப்படைத்தேன். அதில் நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதிகாலை, புஷ்பவதியின் பெயருக்கு அர்ச்சனை செய்விக்க அம்மன் சன்னிதிக்குத் தனியே சென்றேன். ஊருக்குப் புதிதாக வந்திருந்த இளம் குருக்கள் தட்டை வாங்கி, பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சொன்னேன். அவர் நகராமல், என் தோளுக்கு அப்பால் பார்த்தவாறு நின்றார்.

"கூட வந்திருக்கற அம்மா பேரு?"

நான் திரும்பவில்லை. திரும்ப அஞ்சினேன், அஞ்சியதற்காக நாணினேன். அவளுக்காக ஒருவரும் ஒரு பிடி எள்ளுநீர் இறைத்திருக்கமாட்டார்கள் என்ற நினைவு வந்தது. தங்கையின் கழுத்தை நோக்கி வந்த கயிற்றைத் தடுத்த கை அவளுடையது என்ற நினைவும் வந்தது.

"அழகாயி," என்றேன். "நட்சத்திரம் தெரியாதுங்க, ஐயா."

தெரியாவிட்டால் அம்மனுடைய நட்சத்திரத்திலேயே சொல்லலாம் என்று அவர் உள்ளே சென்றார். இரு பெயர்களையும் அடுத்தடுத்துச் சொல்லிக் குங்குமத்தால் அருச்சித்தார். தீபம் உயர்ந்தபோது நான் கண்மூடி, குரல் எழாமல், உள்ளத்துள்ளே ஒரு பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை பாடினேன்.

குருக்கள் எனக்கு ஒரு சிட்டிகை குங்குமம் தந்தார். பிறகு என் பக்கத்து வெற்றிடத்துக்கு நேரே கைநீட்டி, இன்னொரு சிட்டிகையைத் தம் விரல்களிலிருந்து விடுவித்தார்.

அது தரையில் விழவில்லை.

"மனக்குறை எல்லாம் தீர்ந்து நல்லா இருங்கம்மா," என்றார்.