இன்னொரு திரை

கணினித் திரையில், மகளின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் 'கூடம்' என்பது தானாகச் 'சமையலறை' என்று மாறியது.

அவள் எதையும் தட்டவில்லை. கை தேநீர்க் கோப்பையில் இருந்தது. வெளியே மதிய மழை, ஜன்னல் கம்பியில் துரு வாசனை, தலைக்கு மேலே மின்விசிறியின் ஓயாத கிரீச். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சோம்பேறித்தனம் உண்டு. சோதித்துப் பார்க்கப் பொய்ப் பெயர்களை யோசிக்கச் சலித்துக்கொண்டு வீட்டு மனிதர்களையே போட்டுவிடுவார்கள். அவளும் போட்டிருந்தாள். பெயர், வயது, இருக்கும் அறை. உள்ளே ஒரு பட்டியல், அதைக் காட்ட ஒரு திரை, நடுவே ஓர் இணைப்பு. பட்டியல் மாறினால் திரை மாறும்; திரையில் மாற்றினால் பட்டியலும் மாறும். அவ்வளவுதான் சங்கதி. வீட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"வாண்டு, எங்கடி இருக்க?"

"கிச்சன்லம்மா. தண்ணி குடிக்கிறேன்."

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கை சும்மா இருக்குமா? 'சமையலறை'யை அழித்துவிட்டு 'அம்மா அறை' என்று அடித்தாள். ஈரக் காலடிகள் நெருங்கின. எட்டு வயது மகள் வாசலில் நின்று தலையைச் சொறிந்தாள்.

"ஏன் வந்தேன்னே தெரியலம்மா."

அவள் மகளை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டு, உடன் வேலை செய்யும் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். பிள்ளையைப் பற்றி மூச்சுவிடவில்லை. கட்டம் தானாக மாறுகிறது என்று மட்டும் சொன்னாள். அவர் சிரித்தார். அதே பட்டியலோடு இன்னொரு திரையும் இணைந்திருக்கும், அங்கே யாரோ தட்டுகிறார்கள், எத்தனை திரை என்று எண்ணிப் பார் என்றார்.

இணைப்புகளை எண்ணினாள். இரண்டு.

வீட்டில் இருப்பது ஒரே கணினி. இணைய ஒயரைப் பிடுங்கினாள். அப்போதும் இரண்டு.

மகளின் கட்டத்தில் கடைசி எழுத்து மறைந்தது. மடியில் கனம் குறைந்தது. அடுத்த எழுத்து. பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்தது. கட்டம் காலி.

கைகளுக்குள் யாரும் இல்லை.

"அம்மா, இருட்டா இருக்கு. நான் எங்கம்மா இருக்கேன்?"

குரல் எங்கோ தொலைவில். 'அம்' என்று அடித்தாள். குரல் சுவருக்குப் பக்கத்தில் வந்தது. 'ம்' அழிந்தது. குரல் விலகியது. அடித்தாள். அழிந்தது. அடித்தாள். மழை விட்டு, வெளிச்சம் போய், விரல் நுனிகள் கன்றிவிட்டன. நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவாள்?

அவள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் மேசைக்கடியிலிருந்து சின்ன விரல்கள் முழங்காலைப் பற்றின. அந்த இன்னொரு திரையில் அழிபடும் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொன்றாக, விட்டன.