மயில்கழுத்துப் புடவைக்காரி

அந்தச் சனிக்கிழமை மாலை, சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் நின்றுபோன பழைய ஜவுளிக் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்குச் சொந்தக்காரர் மகாராஜ பிள்ளை, அவர் தங்கை பிரேமா, மகள் செண்பகவல்லி, வீடியோ கலைஞன் செல்வகணேஷ், அவனுக்கு விளக்கு வேலை செய்து தந்த ஷிபா. ஆறாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

கதை அதற்கு முந்தைய வாரம், ஒரு மழையில் ஆரம்பித்தது.

பஸ்ஸை விட்டு இறங்கிய செண்பகவல்லி குடையில்லாமல் ஓடி வந்து தங்கள் பழைய கடை வாசலில் ஒதுங்கினாள். வியாபாரத்தைப் பக்கத்து ஆரியசாலைக்கு மாற்றிய பிறகு பூட்டியே கிடக்கும் கடை. அன்று ஷட்டர் தூக்கியிருந்தது. உள்ளே, ஏணிமேல் ஒருவன்...

"உள்ள வராதீங்க. தரையெல்லாம் வயர். ஈரக்காலோட வந்தா ஷாக் அடிக்கும்."

"யாரு கடைக்குள்ள நின்னு யார வராதேங்கீங்க? இது எங்க கடையாக்கும்."

அவன் இறங்கி வந்தான். அவள் இமையில் மழைத்துளி நின்றது. புரொஜெக்டர் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறியது... அவன் சொல்ல வந்ததை மறந்தான்.

"முதலாளி மகளா... அப்போ ஷாக் அடிச்சாச்சு."

"எந்த வயர்ல?"

"தெரியல்ல. நிதானமா பாத்துத்தான் சொல்லணும்."

வீடு வரும்வரை செண்பகவல்லியின் உதட்டில் சிரிப்பு அடங்கவில்லை.

விவரத்தை அப்பா சொன்னார். ஓணத்துக்காகச் சில கலைஞர்கள் கடைத்தெருவில் காலியாகக் கிடக்கும் கடைகளைக் கேட்டார்களாம், ஒளியும் வீடியோவும் காட்ட. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"நம்ம கடைப் போர்டுல ஒரு நடிகை படம்கூட வச்சதில்ல. எந்த வீட்டுப் பெண்பிள்ளையையும் கண்ணாடிக்குள்ள நிறுத்திக் காட்டக் கூடாது. சம்மதம்னா சாவி தாறேன்னேன். அந்தச் செல்வகணேஷ் வாக்குக் குடுத்திருக்கான்."

மறுநாளும் அவள் அந்த வழியாகத்தான் வந்தாள். அதற்கடுத்த நாளும்... ஒரு டீ, இரண்டு கிண்டல், ஒரு பார்வை. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காகத்தான் அவளுக்குப் பொழுது விடிந்தது.

பிறகு ஒரு மாலை, கடையின் முகப்புக் கண்ணாடியில் வீடியோ ஒளிர்ந்தது.

இருட்டில் ஒரு மயில்கழுத்துப் புடவை மட்டும் மின்னியது. முகம் இல்லை. நிழலாய் இரண்டு கைகள் முந்தானையை மடித்துத் தோளில் இட்டன. கொசுவத்தை நீவின. பிறகு மெல்லத் திரும்பி நின்ற அந்த ஒயில்... தெருவே நின்று பார்த்தது. செண்பகவல்லி மட்டும் நேரே அவனிடம் போனாள்.

"யாரு அது?"

"எது?"

"உங்க புடவைக்காரி."

செல்வகணேஷ் கன்னத்தைச் சொறிந்தான். "எனக்கு ரொம்ப வேண்டிய ஆளு."

"அழகாத்தான் இருக்கா."

"அப்படியா? இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

உள்ளிருந்து ஷிபா தன் மலையாளத்தில், "எடா, அந்த லைட்டைப் பிடிடா," என்றாள். எடாவாம்... டாவாம்... இவளேதானோ? அந்த மடிப்பை இவளுக்கு அவன்தான் வைத்துக் கொடுத்தானோ? அன்று வீட்டில் சாப்பிடும்போது செண்பகவல்லி சொல்லியே விட்டாள்.

"அப்பா, அவரு வாக்கைக் காப்பாத்தல்ல. கண்ணாடியில ஒருத்தி நிக்கா."

மகாராஜ பிள்ளை பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

சனிக்கிழமை மாலை அவர் பூட்டோடு வந்தார். கூடவே பிரேமாவும் செண்பகவல்லியும்.

"தம்பி, வாக்குத் தந்தீங்க."

"மீறல்ல ஐயா."

"அப்போ கண்ணாடியில நிக்கது யாரு?"

செல்வகணேஷ் செண்பகவல்லியைப் பார்த்தான். கோள் சொன்னது யார் என்று புரிந்துவிட்டது. அவன் முகம் இறுகியது.

"சொன்னவங்களே சொல்லட்டும். ஜவுளிக்கடைப் பிள்ளைதானே... நல்லாப் பாக்கட்டும்."

"சாமானை எல்லாம் எடுங்க," என்றார் மகாராஜ பிள்ளை. அவர் கை ஷட்டருக்குப் போனது.

செண்பகவல்லி கண்ணாடியில் ஓடிய வீடியோவைப் பார்த்தாள். பொறாமையை விலக்கி, முதல்முறையாகப் புடவையை மட்டும் பார்த்தாள். புடவையை முழுதும் பிரிக்கவே இல்லை. பாதி மடிப்பு அப்படியே இடுப்பில் செருகியிருந்தது. எந்தப் பெண் இப்படிக் கட்டுவாள்? கடையில் வாங்க வருகிறவர்களுக்குச் சட்டைமேல் கட்டிக் காட்டும் ஆண்களின் கட்டு அல்லவா இது... சின்ன வயதிலிருந்து பார்த்த கட்டு.

வாய் திறந்தால் பொறாமை வெளிப்பட்டுத் தன் மானம் போகும். திறக்காவிட்டால் அவன் போய்விடுவான்.

"அப்பா... பூட்டாதீங்க. அது பொண்ணு இல்ல. சேல்ஸ்மேன் கட்டு."

மகாராஜ பிள்ளை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா நாகர்கோவில்ல ஜவுளிக்கடை சேல்ஸ்மேன் ஐயா," என்றான் செல்வகணேஷ். "லீவுல நானும் கூட நின்னு கட்டிக் காட்டுவேன். உங்க நிபந்தனைக்கு அப்புறம் வேற யார நிறுத்த? நானே கட்டிக்கிட்டு நின்னேன். மீசையை எடுக்க மனசு வரல்ல. அதான் வீடியோவுல தலையை வெட்டிட்டேன்."

ஷிபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உண்மையைச் சொல்லிடுன்னு ஞான் அப்பவே பறஞ்சு, மோளே. எனக்குக் கல்யாணம் ஆயி, ஒரு பிள்ளையும் உண்டு கேட்டோ."

"அது சரி வல்லி," என்றாள் பிரேமா. "இவ்வளவு தெரிஞ்சவளுக்கு இத்தனை நாளா இது ஏன் தெரியல்ல?"

"புடவைய எங்க பாத்தேன் அத்தை..." அவள் குரல் உள்ளே போனது. "இவரு இன்னொருத்திக்கு மடிப்பு வச்சுக் குடுத்திருப்பாருன்னு நெனச்சேன். எனக்குப் பொறுக்கல்ல."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. செல்வகணேஷின் முகத்தில் இறுக்கம் கரைந்தது.

"ஐயா முன்னாலயே சொல்லுதேன். அன்னைக்கு அடிச்ச ஷாக் வயர்ல இல்ல. இன்னும் என்னை விடல்ல."

மகாராஜ பிள்ளை தொண்டையைச் செருமினார். "இந்தப் பேச்சு கடையில வச்சு வேண்டாம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

ஷட்டரை இறக்கிவிட்டு செண்பகவல்லியும் செல்வகணேஷும் மட்டும் உள்ளே இருந்ததாக ஆரியசாலையில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். ஷட்டர் இறங்கவே இல்லை. பூட்டு மகாராஜ பிள்ளையின் கையில் இருந்தது.