இடுப்பில் இரண்டு மடிப்பு

"கையை எடுங்க!"

டெய்லர் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அருங்காட்சியக ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்க வந்தவன், மேஜைமேல் கிடந்த சின்னஞ்சிறு சட்டையைக் கண்டதும் குனிந்துவிட்டான்.

"தொடலைங்க... பார்த்தேன், அவ்வளவுதான்."

"தொட்டா பொடியாயிடும். மூவாயிரம் வருஷம் ஒரு குழந்தையோட கல்லறையில இருந்த சட்டை."

அங்கே பழந்துணிகளைப் பாதுகாப்பதுதான் அதட்டிய அந்தப் பெண்ணின் வேலை. கோபத்தில் அவள் கண்கள் இன்னும் பெரிதாகின... திட்டு வாங்கும்போதும் அவன் அதைத்தான் கவனித்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"இடுப்புல ரெண்டு மடிப்பு இருக்கே... அதை என்ன பண்ணப் போறீங்க?"

"ஈரம் கொடுத்து நீவி விடப்போறேன். மண்ணு அழுத்தி விழுந்த சுருக்கம்."

"ஐயோ, வேண்டாங்க! அது தைச்ச மடிப்பு. புள்ள வளர வளர பிரிச்சு விடுறதுக்கு. நானே வாரத்துக்குப் பத்து தைக்கிறேன்."

"திரை தைக்க வந்தவர் திரையைப் பாருங்க!"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

'பெரிய மேதாவி!' என்று முணுமுணுத்தாளே தவிர, அவளுக்குக் கை ஓடவில்லை. நீவிவிட்டால் போனது போனதுதான். ஆனால் சுருக்கம் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்றே... டெய்லர் சொல்லி மாற்றினேன் என்று எந்த முகத்தோடு மேலதிகாரியிடம் போய் நிற்பது?

வேண்டாவெறுப்பாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். மடிப்பின் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள்... ஒன்றில் துளி நூல்.

அடுத்த வருஷமும் பிள்ளை போட்டுக்கொள்ளும் என்று யாரோ ஒரு தாய் நம்பித் தைத்திருக்கிறாள். பார்த்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மாலை, சொட்டச் சொட்ட நனைந்து அவன் கடை வாசலில் நின்றாள்.

"அறிக்கையை மாத்திட்டேன். டெய்லர் சொன்னதுதான் சரி, நான் எழுதினது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

தையல் இயந்திரம் நின்றது. "திட்டினாங்களா?"

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அது வலிக்கலை... நீங்க முகம் சுண்டிப் போனீங்களே, அதுதான் தூங்க விடலை."

"இதைச் சொல்லவா இந்த மழையில வந்தீங்க?"

"இல்ல..." தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதுலயும் தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவன் எழுந்து வந்தான். எதிரில் நின்று, குனிந்திருந்த அந்தக் கண்கள் நிமிரும்வரை பொறுமையாகக் காத்திருந்தான்.

"இதுல ஒரு தப்பும் இல்லீங்க" என்றான்.