பின்புறம், இடது, ஓரடி

முதல் ஹெட்போனிலேயே அது இருந்தது. யாரோ பேச வாயெடுப்பது போன்ற சத்தம். ஒட்டியிருந்த உதடுகள் பிரியும் சின்ன ஈரச் சொடுக்கு, அதன் பின்னால் உள்ளே இழுக்கப்படும் ஒரு மூச்சு. பேச்சு மட்டும் வரவில்லை.

அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சோதனை அறையில் யாரும் இல்லை. இருக்கவும் வழியில்லை. சுவரிலும் கூரையிலும் கறுப்பு நுரைப்பலகை, ஒரு சாண் தடிமனில் கதவு, அதில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. சோதனையின் நடுவில் எவனாவது திறந்துவிட்டால் வெளிச்சத்தம் புகுந்து எல்லாம் பாழாகும் என்பதால் உள்ளே தாழ் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். போட்ட தாழ் போட்டபடி கிடந்தது. எதிரே இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் மட்டும் விமான எஞ்சினின் இரைச்சலை அவன் முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தன.

கேட்பதுதான் அவன் வேலை. அனுப்பத் தயாரான சரக்கிலிருந்து பத்து ஹெட்போனை எடுத்து வைப்பார்கள். முதலில் பாட்டு, பேஸ் கலங்காமல் இருக்கிறதா, குரல் தனியாகத் தெரிகிறதா என்று பார்ப்பான். பிறகு எஞ்சின் சத்தத்தைப் போட்டு, இரைச்சல் நீக்கும் பட்டனை அழுத்துவான். அதற்கு மேலும் என்ன கேட்கிறது, எந்தத் திசையில், எத்தனை அடியில் என்று படிவத்தில் எழுத வேண்டும். அதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பாம்புச்செவி என்றுதான் கம்பெனியில் கூப்பிடுவார்கள்.

அந்தச் செவியால்தான் வீட்டில் வினை வந்தது. அவன் மனைவியும் அங்கேதான், பேக்கிங் பிரிவில் வேலை. நான்கு நாள் முன்பு சாப்பிடும்போது அவள் மெல்லுகிற சத்தம் பொறுக்காமல், சாப்பாட்டு மேசையிலேயே ஹெட்போனை மாட்டிப் பட்டனை அழுத்திவிட்டான். அவள் வாய் கொஞ்ச நேரம் அசைந்தது. அப்புறம் நின்றது. கழற்றியதும் அவள் கேட்டாள்: "நான் பேசறது உங்களுக்கு இரைச்சலா?" மனுஷன் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா? "சாப்பிடறப்ப மட்டும்தான்" என்று சொல்லிவைத்தான்.

அன்றைக்கு மூடிய வாய். பஸ்ஸில்கூட வேறு சீட்டில் உட்கார்ந்தாள். அவள் குரல் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று வேலை முடிந்ததும் காலில் விழுந்தாவது அவளைப் பேசவைத்துவிட வேண்டும் என்று காலையில் முடிவு செய்திருந்தான்.

படிவத்தில் எழுதினான். பின்புறம், இடது, பத்தடி. வாய்ச் சத்தம். ஒதுக்கவும்.

இரண்டாவது ஹெட்போனை மாட்டினான். பாட்டு அருமை. எஞ்சின். பட்டன். இரைச்சல் வடிந்து, காதுக்குள் அந்த அழுத்தமான அமைதி இறங்கியது. அதன் நடுவே ஈரச் சொடுக்கு. மூச்சு. எட்டடி.

கழற்றினால் ஒன்றுமில்லை. எஞ்சினையும் நிறுத்திவிட்டு வெறும் காதால் கேட்டுப் பார்த்தான். அப்போதும் இல்லை. அப்படியானால் குற்றம் ஹெட்போனில். கேட்கக்கூடாதது கேட்டால் பொருளைச் சந்தேகப்படு, காதைச் சந்தேகப்படாதே என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஒரே தொகுப்பில் செய்தவை, எல்லாவற்றிலும் ஒரே கோளாறு இருக்கும். எவனோ அசட்டையாகச் செய்து தொலைத்திருக்கிறான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே அடுத்ததை எடுத்தான்.

மூன்றாவது, ஆறடி.

நான்காவதை மாட்டும்போது அறையின் வாடை மாறியிருந்தது. புது பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த வழக்கமான நெடிக்கு அடியில், வெகுநேரம் திறக்காமல் கிடந்த வாயின் புளித்த வாடை. எழுந்து போய்விடலாம் என்று கால் பரபரத்தது. சாயங்காலம் லாரி வந்துவிடும், பாதியில் விட்டால் மேலாளர் சாமியாடுவார். உட்கார்ந்தான். பட்டன். சொடுக்கு. நாலடி.

ஐந்தாவது. இரண்டடி. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆறாவது.

சொடுக்கு காது மடலுக்குப் பக்கத்தில் கேட்டது. மூச்சு உள்ளே போனது. அதோடு அவன் கழுத்தோரத்துக் காற்றும் சேர்ந்து போனது.

பிடுங்கி எறிந்தான். யாருமில்லை. ஓரடி என்று எழுதி, தாழைத் திறந்து வெளியே வந்து, படிவத்தை மேலாளர் மேசையில் போட்டுவிட்டுப் போய் முகம் கழுவினான். கண்ணாடியில் பார்த்தபோது வெட்கமாகவே இருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும், மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"பத்துல ஆறு கேட்டிருக்க. ஆறும் ஒதுக்கலா? பாட்டு எப்படி?"

"பாட்டுல குறையே இல்ல சார். பேஸ் சுத்தம். பட்டனை அழுத்தினாத்தான்..."

"வாய் சத்தம் கேக்குது. அதானே? லாரி வர்ற நேரத்துல உன் காதுல பூச்சி பூந்துடுச்சு." படிவத்தைத் தூக்கிப் பிடித்து உரக்க வாசித்தார். "பத்தடி. எட்டு. ஆறு. நாலு. ரெண்டு. ஒண்ணு. என்னப்பா இது, ஹெட்போன்ல கோளாறா, இல்ல ஸ்டாப்புல பஸ் வருதா?"

அவன் படிவத்தை வாங்கிப் பார்த்தான்.

ஆறும் தனித்தனி ஹெட்போன். ஒரே கோளாறு என்றால் ஆறிலும் ஒரே தூரத்தில் கேட்டிருக்கும். வெவ்வேறு கோளாறு என்றால் சிதறியிருக்கும், இப்படி வரிசையில் நிற்காது. அவன் கேட்ட வரிசையில்தான் அது நெருங்கியிருக்கிறது. ஹெட்போன் ஒன்றும் தப்புச் செய்யவில்லை. இரைச்சலை நீக்கியது, அவ்வளவுதான். அதற்கு அடியில் இருந்தது கேட்டது. அவன் பட்டனை அழுத்த அழுத்த, அந்த அறைக்குள் இருந்தது அடியெடுத்து வைத்து வந்திருக்கிறது. இப்போது நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது.

"சார், அந்த ரூமுக்குள்ள இனிமே யாரும் போகக் கூடாது."

"போயாச்சே. ஒதுக்கினதை இன்னொரு காது கேட்டு உறுதி பண்ணணும்னு ரூல் போட்டவனே நீதான். உனக்கு அடுத்த காது இங்க உன் வீட்டுக்காரியோடதுதான். அனுப்பிட்டேன்."

அவன் ஓடினான்.

கதவுக்கு மேலே, சோதனை நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கைப்பிடியை இழுத்தான். உள்ளே தாழ். கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்தான். நாற்காலியில் அவள், முதுகு இந்தப் பக்கம். காதில் ஹெட்போன். கேட்டு முடித்த இரண்டு வலப்பக்கம் இருந்தன. அவளுக்குப் பின்னால் வெறும் தரை.

இரண்டு முஷ்டியாலும் கதவை இடித்தான். நுரைப்பலகை பாதியைத் தின்றது. மிச்சத்தை எஞ்சின் தின்றது. அதையும் தாண்டி ஏதாவது போயிருந்தால், அவள் காதில் இருந்த ஹெட்போன் அதை இரைச்சல் என்று கண்டு நீக்கியிருக்கும்.

"கழட்டு. அதைக் கழட்டும்மா."

அவள் பட்டனை அழுத்தினாள். பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. யாரோ காதோடு பேசும்போது சாய்கிற மாதிரி. முகம் பக்கவாட்டில் வாயோரம்வரை தெரிந்தது. நான்கு நாளாகப் பார்க்காத சிரிப்பு அதில் வந்தது. அவள் உதடுகள் அசைந்தன. அவனால் அதை வாசிக்க முடிந்தது.

'இப்பத்தான் வாய் வந்துச்சா உங்களுக்கு?'

இடது கையைத் தூக்கித் தன் தோள்மேல் வைத்தாள், அங்கே இருந்த ஒரு கையைப் பிடித்துக்கொள்வதுபோல. விரல்கள் மடங்கின. தோளின் துணியை அவை தொடவில்லை. துணிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

அந்தச் சிரிப்போடே அவள் பின்னால் திரும்பினாள். நேரே கதவு. கண்ணாடியில் அவன் முகம். அவன் கைகள் இரண்டும் கண்ணாடியின்மேல்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றது. பிறகு தோளிலிருந்து தன் கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.