வெள்ளைக் கதவு, சிவப்புத் துளி

"அல்லாஹ்!"

பதியுதீன் ஹாஜியார் போட்ட சத்தத்தில், கற்பிட்டிக் களப்போரம் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

கொட்டிலுக்குள்... ஆறடி உடல்! மல்லாந்து கிடந்தது.

வலப்பக்கம் தேன் நிறத்தில் மினுமினுப்பு. இடப்பக்கம்... மையத்துக்குப் போர்த்தும் கபன் துணி வெள்ளை!

பதற வேண்டாம். அது அலுமாரி.

ஆனால், மகள் றுஷ்னாவின் கல்யாண அலுமாரி! பின்னேரம் லொறி வந்துவிடும்!

"டேய் பாயிஸ்! லாக்கர்ல மண்ணெண்ணெயைக் கலந்தியா? இனி ஊர்ல ஒருத்தனும் உன்னை வேலைக்கு எடுக்க மாட்டான்! நான் விடமாட்டன்!" ஹாஜியார் முஷ்டியை ஆட்டினார்.

பொலிஷ் போடும் பாயிஸ் ஓரடி பின்வாங்கினான். வீட்டில் கைக்குழந்தை. தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

"இல்ல ஹாஜியார்! லாக்கரைக் கரைச்சது சபூரா ராத்தாட கடைத் தின்னர்தான்!"

"அப்ப அவ கலப்படம் செய்றா! கூப்பிடு!"

பெயின்ட் கடை சபூரா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வெள்ளைக் கதவை நகத்தால் சுரண்டினாள். மோந்து பார்த்தாள்.

"மண்ணெண்ணெய் இல்ல, நாறும். டர்பன்டைனும் இல்ல, அது எண்ணெய்ப் பெயின்டுக்கு. லாக்கருக்கு லாக்கர் தின்னர்தான் சரி. அதத்தான் குடுத்தன்."

"கடற்காத்து ஈரமோ ராத்தா? ஈரத்துலயும் வெளுக்குமே..."

"காத்து ஒரு கதவை மட்டும் பாத்து அடிக்குமா? எத முதல்ல அடிச்ச?"

"வலது."

மிச்சத் தின்னரைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றினாள் சபூரா. இரண்டு படை!

"மேல தின்னர்... கீழ தண்ணி! மேல கிடந்தது முதல் கதவுக்குப் போயிட்டு. ரெண்டாவதுக்குத் தண்ணி! ஆரோ தின்னரைக் களவெடுத்துட்டு, தண்ணி விட்டு நிரப்பியிருக்காங்க!"

டின் விளிம்பில்... சிவப்புத் துளி!

"ரத்தம்!" அலறினான் பாயிஸ்.

"மடையா, கியூடெக்ஸ்! நகத்துல பூசுறதும் ஒரு லாக்கர்தான். தின்னர் அதையும் கழட்டும்!"

எல்லாக் கண்களும் வாசலில் நின்ற றுஷ்னா மேல். அவள் விரல்களை விரித்தாள். வெறும் மருதோன்றி!

"எனக்கு நான் பூசல்ல..." வாயைப் பொத்திச் சிரித்தாள். "வாப்பா, கையக் காட்டுங்க!"

அப்போதுதான் பாயிஸுக்கு உறைத்தது. காலையிலிருந்து ஹாஜியார் விரல் நீட்டித் திட்டவேயில்லை... முஷ்டி மட்டும்தான்!

முஷ்டி மெல்ல விரிந்தது. நகத்தோரத் தோலெல்லாம் சிவப்பு!

"நேத்துப் பகல் தூங்கி, அஸர் தொழுகைக்கு எழும்பினா பத்து விரலும் சிவப்பு! நகத்துல தண்ணி படாம, தொழ முந்தி கை கால் கழுவி ஒளு எப்பிடி எடுக்குற? பள்ளிக்கு எப்பிடிப் போற? சின்னதுல இருந்தே இவட சேட்டை இது! அதான் கொஞ்சம் தின்னரை எடுத்து, தண்ணி விட்டு வச்சன்!"

"எனக்கு ஏசியிருக்கலாமே வாப்பா?"

"ஏசுறதா?" ஹாஜியார் தன் நகங்களைப் பார்த்தார். "நாளையில இருந்து எனக்கு ஆர், மகள், பூசுவா...?"

ஹாஜியார் பாயிஸின் கையைப் பிடித்தார்.

"பாயிஸ்... மாப்புத் தா மகன். எல்லாரிட்டயும் நானே சொல்றன், என்ட பிழைதான் எண்டு."

பாயிஸ் கண்ணைத் துடைத்தான். புதுத் தின்னர் டின்னைத் திறந்தான்.

"ஓம் ஹாஜியார், லொறி வர முந்தி முடிச்சுத் தாறன். ஆனா ஒண்டு... ரெண்டாம் கோட் அலுமாரிக்கு மட்டும்தானே? நகத்துக்கு இல்லையே?"